மூன்றாவது கம்பி

கெல்வின் ஆஸ்க்யூவைப் பற்றிப் படம் எடுத்துவிட்டார்கள்.
ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.
ஹல் நகரத்தில், மீன்கிடங்கை இடித்துக் கட்டிய தியேட்டரில்
முதல் காட்சி. எனக்கு ஆறாவது வரிசை, ஓர நாற்காலி.
அழைப்பிதழில் 'குடும்பமும் நண்பர்களும்' என்று போட்டிருந்தது.
நான் இரண்டும் இல்லை.
பதினோரு வருடம் அவன் கிட்டார்களுக்குச் சுருதி சேர்த்தவள்.

எடுத்த எடுப்பிலேயே ட்ரோன்.
ஹம்பர் ஆற்றின் மேல், பாலத்தின் மேல்,
அவன் ஒருநாளும் பார்த்திராத உயரத்திலிருந்து
அவன் ஊர்.
ஏணியில் நாலாம் படி ஏறினாலே
கெல்வினுக்குத் தலை சுற்றும்.

பிறகு பேசினார்கள்.
தாடி வைத்தவர்கள், தாடி எடுத்தவர்கள்,
அவன் செத்த வருடம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள்.
ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு செங்கல் சுவர்.
சுவரில், தூசிகூடக் கலையாத ஒரு கிட்டார்.
'மேதை' என்றார் ஒருவர்.
'மேதை' என்றார் அடுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.
கெல்வின் தனியாக வாசிக்கத் தொடங்கும்போதெல்லாம்
ஏழாவது நொடியில் யாரோ வாயைத் திறந்தார்கள்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எட்டு வரவேயில்லை.
சாப்பிட உட்காரவைத்து
தட்டை இழுத்துக்கொண்டு
சமையலைப் பற்றிப் பிரசங்கம்.

குடியைக் காட்டினார்கள், பின்னால் பியானோ.
(குடிக்கு மட்டும் ஏன் எப்போதும் பியானோ?)
ஜானிஸ் பேச மறுத்துவிட்டாள், அதனால்
மூடிய கதவு ஒன்றைக் காட்டினார்கள்.
அவள் வீட்டுக் கதவுகூட இல்லை அது.

டின் பீச் பழத்தை
பிளெக்ட்ரத்தால் குத்திக் குத்தித் தின்பானே, அது இல்லை.
தாளம் தட்டித் தட்டி இடது ஷூ மட்டும் தேய்ந்துபோகும், அது இல்லை.
ராட்டர்டாமில் என் ஆறு வாரச் சம்பளத்தை விழுங்கினான்,
அதுவும் இல்லை.

என் சமையலறையில் நாலு மணி நேரம் படம் பிடித்தார்கள்.
பளபளக்கிறது என்று கெட்டிலை ஒளித்துவைத்தார்கள்.
திரையில் நான் வந்தது நாலு நொடி.
'அமைதியான ஆள்' என்கிறேன்.
'சம்பளம் கேட்கும்போது' என்று முடித்திருந்தேன்.
அது எங்கேயோ தரையில் விழுந்து கிடக்கிறது.
கீழே என் பெயர்: வென்டி ஹோல்பி.
ஹோல்ட்பி.
ஒரு மெய்யெழுத்தும் விழுந்துவிட்டது.

அந்த நாலு மணி நேரத்தில் பெரும்பகுதி
மூன்றாவது கம்பியைப் பற்றித்தான் பேசினேன்.
கெல்வினுக்கு விரல் இல்லை, குறடு.
ஆணி அறைவதுபோல் அழுத்துவான்.
அழுத்தினால் சுருதி ஏறிவிடும்.
அதனால் நான் அந்தக் கம்பியை மட்டும்
ஒரு மயிரிழை இறக்கிவைப்பேன்.
சும்மா தட்டினால் அழுக்காகக் கேட்கும்.
அவன் கை பட்டதும் ஏறி, தடுமாறி,
வந்து சேரும்.
அந்த வந்து சேர்வதற்குத்தான்
மூவாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

படத்தில் லீட்ஸ் கச்சேரி வந்தது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
ஒலியைச் சுத்தம் செய்திருந்தார்கள்.
ஏதோ ஒரு கம்ப்யூட்டர் என் மயிரிழையைக் கண்டுபிடித்து
பிழை என்று நேராக்கியிருந்தது.
கல்யாணப் போட்டோவுக்குத் தலைவாரி நிறுத்திய பையன்போல்
நின்றது மூன்றாவது கம்பி.
ஏறவில்லை, வரவில்லை. ஏற்கெனவே அங்கேயே இருந்தது.
ஏழாவது நொடியில் ஒரு தாடி பேசியது.
முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

வாசலில் இயக்குநர், நல்ல பிள்ளை,
'எப்படி இருந்தது?' என்றான்.
'நீளம்' என்றேன். சிரித்தான்.

வெளியே மழை.
கெல்வினின் தம்பி டெஸ்மண்ட்
கார் பக்கத்தில் நனைந்துகொண்டே சிகரெட் பிடித்தான்.
அதே கைகள். ஒரு ஸ்வரம் தெரியாது அவனுக்கு.
கண் சிவந்திருந்தது.
'நல்லா வாசிச்சான் இல்ல?'
'ஆமா' என்றேன். வேறென்ன சொல்வது.

வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று கதவைத் திறந்தான்.
கீல் முனகியது.
ஜி ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை கீழே தொடங்கி
மெதுவாக ஏறியது.
'எண்ணெய் போடணும்' என்றான், வெட்கப்பட்டு.
வேண்டாம் என்றேன்.
மூடிவிட்டு, திரும்ப ஒருமுறை திறக்கச் சொன்னேன்.