நவம்பரில் கேட்கக் கூடாத பாட்டு

நான் போனது நவம்பரில்.
டிசம்பரோடு நிதி முடிகிறது என்றது காகிதம்.
பையில் இரண்டு மைக், எட்டு பேட்டரி,
ஒரு பட்டியல்:
வசந்தத்தைக் கூப்பிடும் பாட்டு, ஒன்று.

ஸ்தெஃபா பீட்ரூட் உரித்துக்கொண்டிருந்தாள்.
மணிக்கட்டுவரை சிவப்பு.
"இப்போதா?" என்றாள்.
"இப்போது கூப்பிட்டால் வந்து தொலைக்கும், திமோக்.
ஆப்பிள் மரம் நம்பி மொட்டு விடும்.
அப்புறம் உறைபனியில் கருகினால்
உன் அகாதமியா பழம் தரும்?"

அவ்ஹின்யா அதைவிடச் சுருக்கம்:
"மாட்டேன்."

ஃபியதோரா மட்டும் வாயைத் திறந்தாள்,
முதல் எழுத்துவரை வந்தாள்,
ஜன்னலைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

கல்யாணப் பாட்டு? கல்யாணம் எங்கே?
அறுப்புப் பாட்டா, கம்பைன் ஓட்டும் லியாவோனைக் கேள்,
அவன் காதில் எந்நேரமும் ஹெட்ஃபோன்.
நவம்பருக்கு என்னதான் உண்டு?
உருளைக்கிழங்கு உண்டு.
சாப்பிட்டேன்.

அன்றிரவு பதிவானவை:
அடுப்பு, மழை,
ஓய்வூதியம் பற்றி மூவரும் போட்ட
நாற்பது நிமிடச் சண்டை.
ஒருத்தி பேச்சில் இன்னொருத்தி ஏறி,
மூன்று பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நிதி முடிந்தது. மார்ச் வந்தது.
சொந்தக் காசில் பேருந்து,
கடைசி ஏழு கிலோமீட்டர் பால் லாரி.
தானியக் கொட்டகையில் ஏணி சாத்தியிருந்தது.
கீழே ஒரு தட்டில்
மாவில் சுட்ட வானம்பாடிகள்,
கண்ணுக்கு மிளகு.
கூரைமேல் இரண்டே பேர்.

"ஃபியதோரா?"
"கண்ணில் புரை. ஹோமெலில் கத்தி வைக்கிறார்கள்."

அவளுடையதுதான் தனியே மேலேறும் குரல்.
மற்ற இரண்டும் அதற்குத் தரை.
தரை மட்டும் பாடியது:
எந்தப் படி உடைந்ததென்று தெரிந்த கால்போல்
அவள் இடத்தைத் தாண்டித் தாண்டி.

அவ்ஹின்யாவுக்குப் பொறுக்கவில்லை.
கோட்டுப் பைக்குள்ளிருந்து பட்டன் போனை எடுத்து,
ஸ்பீக்கரைப் போட்டு,
முகட்டில் வைத்தாள்.
"பாடுடி."

பாடினாள்.
கோபுரம் கோபுரமாய்த் தாவி
அரை நொடி பிந்தி வந்து சேர்ந்தாள்.
அவளுக்காக இவர்கள் காத்திருக்க
இவர்களுக்காக அவள் காத்திருக்க
பாட்டு பிசைந்த மாவாய் இழுபட்டது,
அறவில்லை.

ஒவ்வோர் அடி முடிவிலும்
ஆற்றுக்கு அப்பால் பார்த்து
"ஹூ" என்று எறிய வேண்டும்.
முன்பெல்லாம் காடு திருப்பித் தருமாம்.
அந்தக் காட்டை வெட்டிவிட்டார்கள்.
அரை நொடி கழித்து
போன் திருப்பித் தந்தது.

மூன்றாம் அடியில் இன்னொரு குரல்.
கரகரப்பு. பக்கத்துக் கட்டில். வேறு ஊர்.
இவர்கள் பாட்டில்
பனிக்காலத்தைப் பூட்டும் சாவியை நாரை கொண்டுவரும்.
அவள் ஊரில் தேனீ.
ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
நாரையும் தேனீயும் ஒரே சாவியைப் பிடித்து இழுக்க,
ஒரு நர்ஸ், பதறி:
"கட்டு அவிழ்ந்துவிடும், படுங்கள்!"
சிரிப்பு.
தொடர்பு போய்விட்டது.

அகாதமி கோப்பைத் திருப்பி அனுப்பியது.
இரைச்சல், தாமதம், தொழில்நுட்பக் குறை.
இருந்தாலும் படிவத்தை நிரப்பித் தருக.

இடம்: கொட்டகைக் கூரை;
ஹோமெல், கண் பிரிவு, மூன்றாம் மாடி.
பாடியவர்கள்: நால்வர்.
நான்காமவர் பெயர்?

ஃபியதோராவைக் கேட்டேன்.
"எனக்கும் கட்டு, அவளுக்கும் கட்டு,
யார் யாரைப் பார்த்தது?
மறுநாள் யாரோ கூட்டிப் போய்விட்டார்கள்.
கட்டில் கம்பியில் மோதிர விரலால் தட்டுவாள்,
அது மட்டும் தெரியும்."

மோதிர விரல் என்று எழுதினேன்.
அடித்தேன்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி பனி கொட்டியது.
ஆப்பிள் பூவெல்லாம் போயிற்று.
ஸ்தெஃபா அழைத்தாள்,
வணக்கம்கூடச் சொல்லாமல்:
"எல்லாம் அந்தத் தேனீயால்."