எழுத்தில்லா எச்சரிக்கை

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்.
சத்துவாச்சாரி, ஃபேஸ் இரண்டு, மேல்மாடி.
ஜன்னலுக்கு எதிரே மொட்டை மலை.
மதியம் இரண்டு மணிக்கு
காலையில் வாங்கிய வெயிலை
வட்டியோடு என் அறைக்குள் கட்டுகிறது பாறை.

கறுப்பு டெர்மினலில்
கோட் தெரியவில்லை,
பின்னால் ஆணியில் தொங்கும்
நுஸ்ரத்தின் கோட்டுதான் தெரிகிறது.
அப்புறம் ஃபேனின் மூன்று இறக்கை,
என் நெற்றி வியர்வை.
உதவி நிரல் எழுதிய பதிலை
என் மூக்கின்மேல் வைத்து வாசிக்கிறேன்.

சரி, வெளிர் தீம்.
ஒரு கட்டளை, ஒரு எண்டர்.
பாலாற்று மணலாய் விரிந்தது திரை.
அஸ்டிக்மாடிசக் கண்காரி எனக்கு
கறுப்பில் எழுத்துகள் மீசையோடு இருந்தன;
இங்கே மழித்துக்கொண்டு நின்றன.

ஆனால் சிலதைக் காணோம்.
சாம்பலில் அது முணுமுணுக்கும் யோசனை
பாதி கரைந்திருந்தது.
நீக்கிய வரிக்கு ரோஜா, சேர்த்த வரிக்கு இளம்பச்சை,
இரண்டும்
மாடிக்கொடியில் மறந்துபோன துப்பட்டா.
மஞ்சள் சுத்தமாக இல்லை.
எச்சரிக்கைக்கெல்லாம் மஞ்சள் வைத்திருந்தார்
எங்கோ இருட்டறையில் உட்கார்ந்து
நிறம் பொறுக்கிய யாரோ.

பதில் முடிந்து ஒரு காலி வரி வரும்.
மூச்சு விடுகிறது என்று நினைத்தேன்.
கொஞ்சம் மரியாதையாகக்கூட இருந்தது.
காலி வரியில் எண்டர் தட்டுவது
என் கைப்பழக்கம்.

ஆறாம் நாள் மௌஸ் தவறி இழுபட,
வெள்ளைக்குள் நீலம் பரவ,
நீலத்தின்மேல் எழுந்து வந்தது:
'இது பழைய பில்களையும் அழிக்கும். தொடரலாமா?'

தொடரலாம், தொடரலாம் என்று
மூன்று நாளாய்ச் சொல்லியிருக்கிறேன்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியின்
மார்ச், ஏப்ரல்.
பேக்கப் இருந்தது.
பிப்ரவரி வரைக்கும்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை என்று
இந்த ஊருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தைத் தொட்ட ஐப்பசியிலும்
யாரும் அதைத் திருத்தவில்லை.
இடமிருந்தால்
தலைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நிறங்களின் எண்களைத் திறந்தேன்.
மஞ்சளை இருட்டினேன், புளிக்கரைசல் வரைக்கும்.
சாம்பலை மலைப்பாறை வரைக்கும்.
எழுந்து தலைவாரிக்கொண்டிருந்த நுஸ்ரத்
எட்டிப் பார்த்தாள்.
"ரத்தக் குழாய்க்கு ஊதா மூடி, சிவப்பு மூடி எல்லாம் இருக்கு.
இருந்தாலும் மேலே பேர் எழுதித்தானே ஒட்டுறோம்?"
சீப்பை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டாள்.

மஞ்சளாயிருந்த ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
'கவனம்' என்று ஒரு சொல் நட்டேன்.
எந்த நிறத்திலும் கவனம்.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரே கறுப்புத் தீம்.
நைட் டூட்டிக்குக் கிளம்பியவளுக்கு
ஐடி கார்டு கிடைக்கவில்லை.
"அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன்."

திருப்பினேன்.
கட்டிலடி, செருப்பு, வாளி,
சுவரோரப் பல்லி
எல்லாம் வெள்ளையில் வந்து நின்றன.
கேள்வி கேட்டுக் காத்திருக்கும் நிரலை
இப்போது
சுவர் வாசித்துக்கொண்டிருக்கிறது.