பெயருக்கு முன் ஒரு சாய்கோடு

தோர்சாவ்ன் துறைமுகம். இரவுப் பணி.
ஜன்னலில் மழை படுக்கைவாட்டில் பெய்கிறது,
இங்கே அது அப்படித்தான்.
அலைமானியைக் கொட்டலசு மூடிக்கொண்ட குளிர்காலத்தின்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
அத்தனையும் பொய்யளவு,
விடிவதற்குள் அழிக்கவேண்டும்.

ஆர், எம் என்று அடித்தேன்.
திரை கேட்டது: நீக்கவா?
ஆம்.
நீக்கவா?
ஆம்.
இருநூற்றாறாவது ஆமில் விரல் கடுத்தது. நிறுத்தினேன்.

நான் சொன்னது இரண்டெழுத்து.
ஷெல்லின் காதில் விழுந்தது வேறு.
நடுவில் ரோக்வி உட்கார்ந்திருக்கிறான்,
வேலையை விட்டு, வீட்டை விட்டு,
கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்த பிறகும்,
தொடக்கக் கோப்பில் எழுதிவைத்த ஒற்றை வரியாக:
இவள் அழி என்றால்
ஒவ்வொன்றாய்க் கேட்டு அழி என்று கொள்.
அவன் பட்ட கவலையெல்லாம் இப்படித்தான்,
என்னிடம் சொல்லாமல்.

வழி இருக்கிறது.
சொல்லுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு.
இல்லையென்றால் மேற்கோள்.
முழுச்சொல்லுக்குக்கூட வேண்டாம்,
ஓர் எழுத்தை மட்டும் அதற்குள் வைத்தாலும் போதும்,
ஷெல் விரிக்காது.
பெயர் பெயராது.

காப்பி அறையில் யாராவது 'மார்யுன்' என்றால்
உடனே விரியும்:
ரோக்வியின் பழைய மனைவி,
சாண்டோய்க்காரி,
இரண்டு வருஷமாய்ச் சிரிக்காதவள்.
கோப்பையைக் கீழே வைப்பதற்குள்
ஒரு வரி நீளத்துக்கு ஆகிவிட்டிருப்பேன்.

வழிகாட்டிப் படகின் ஹெய்னி மட்டும்
வயர்லெஸ்ஸில் கூப்பிடுமுன் ஒருமுறை இருமுவார்.
புகை பிடித்த நெஞ்சு.
இருமல், பிறகு 'மார்யுன்', பிறகு
'வடக்கு வாயிலில் நீர் எவ்வளவு?'
அதற்குமேல் ஒன்றுமில்லை.
அந்த இருமலுக்காகவே
இரவுப் பணியைக் கேட்டு வாங்குகிறேன்.

டேனிஷ் விசைப்பலகையில் சாய்கோடு சுலபமில்லை,
இரண்டு விசை சேர்த்து அழுத்தவேண்டும்.
அழுத்தினேன்.
பின்னால் ஆர், எம்.
கேள்வி வரவில்லை.
குளிர்காலம் மொத்தமும் இமைப்பொழுதில் காலி.

அதில் பிப்ரவரி ஏழும் போயிற்று.
ரோக்வி படகில் போய்
வெறுங்கையால் கொட்டலசைச் சுரண்டிவிட்டு வந்த நாள்.
அன்றைக்கு மட்டும் அளவு சரி.
கேட்டிருந்தால்
வேண்டாம் என்றிருப்பேன்.

தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
அந்த வரி அங்கேயே இருக்கிறது.
தொடாமல் மூடினேன்.

வயர்லெஸ்ஸில் யாரோ இருமுகிறார்.