தராசுப் பிழை

மருத்துவத்துக்கு இஸட் புள்ளி
தசம் பூச்சியம் பூச்சியம் மூன்று குறைந்தது.
அதனால்தான்
விடியாத மூன்று மணிக்கு
பேலியகொடைச் சந்தை வாசலில் நிற்கிறேன்,
கையில் தொங்கு தராசு,
பொலித்தீன் உறைக்குள் படிவம்.

கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடியில் வளர்ந்தவள்.
ஆண்டு ஐந்தில், ஈரப் பஞ்சில்,
ஒரேயொரு பயறு முளைக்க வைத்தேன்.
அதுவும் பூஞ்சணம் பிடித்துச் செத்தது.

இப்போது வாசனையை வைத்தே சொல்வேன்:
இது நுவரெலியா லீக்ஸ்,
இது தம்புள்ளையில் ஒரு பகல் முழுக்க
வெயிலில் நின்ற தக்காளி.
சாக்கை இறுக்கிக் கட்டியவனின் அவசரம்
கோவாவின் நாலாம் இலை வரை இறங்கியிருக்கும்.
நசுங்கல். வெடிப்பு. மென்னழுகல்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல், ஒரு இலக்கம்.

நாட்டாமிகள் எனக்கு வைத்த பேர் 'அழுகல் மிஸ்'.
"நல்லதை நிறுக்க ஆயிரம் பேர்,
கெட்டதை நிறுக்க நீங்க ஒராள்தான்"
என்று சிரித்துக்கொண்டு போனான் சந்தனம்,
முதுகில் ஐம்பது கிலோ கறட்.

நாலரைக்கு ரிஸ்மியா வருவாள்.
என் வயதுதான் இருக்கும்.
இடுப்பில் பிள்ளை, தோளில் பழைய யூரியாப் பை.
நான் நிறுத்துக் கொட்டிய குவியலில் குந்தியிருந்து
தக்காளியின் கறுத்த கன்னத்தை மட்டும்
பிளேட்டால் சீவி எறிவாள்.
ஒருநாள் அவள் பையைக் கேட்டு வாங்கி நிறுத்தேன்:
மூன்று கிலோ நானூறு.
"இதுக்கும் காசு எடுப்பாங்களா?"
முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு.

படிவத்தில்
விற்றது உண்டு, வீணானது உண்டு.
ரிஸ்மியாவுக்கு நிரல் இல்லை.

அறுவடைக்குப் பின்னான இழப்பு,
இருபத்தெட்டு நிமிடம், பதினெட்டு வரைபடம்.
விளக்கைப் போட்டுவிட்டு மேற்பார்வையாளர் கேட்டார்:
"நீர் நிறுத்ததுக்கும் குப்பை லொறியில் ஏறினதுக்கும்
ஒவ்வொரு நாளும் மூன்று, நாலு கிலோ இடிக்குதே.
அது எங்க போகுது?"

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
சொன்னால் அது ஒரு பரிந்துரை ஆகும்,
பரிந்துரை சுற்றறிக்கை ஆகும்,
சுற்றறிக்கை வந்தால்
நாலு மணிக்கே குவியலை அள்ளிவிடுவார்கள்,
வாசலில் ஒரு பூட்டும் தொங்கும்.

"தராசுப் பிழை, சேர்."

இரண்டு புள்ளி வெட்டினார்.
எனக்கென்ன புதிதா.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் தராசை ஒப்படைத்தேன்.
கொக்கியில் காய்ந்து ஒட்டியிருந்தது
ஒரு தக்காளித் தோல்.
கழுவிக் கொண்டுவரச் சொன்னார்கள்.