முடக்கு

ஒட்டுசுட்டான் பிரதேச சபை மண்டபத்தில்
ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு.
நாலு பக்கமும் இழுத்துக் கட்டியும் நடுவில் சுருங்கல்.
அன்று பின்னேரம் முழுக்க
எல்லா மிருகங்களுக்கும் அந்த இடத்தில் முதுகு வளைந்தது.

தேவிந்தி கண்டிக்காரி. கரடி ஆராய்ச்சி.
அவவுக்குத் தமிழ் தெரியாது,
எங்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் வேண்டாம்.
ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் பேச்சு.
மொழிபெயர்ப்பு நான்.
சம்பளம் இரண்டு பற்றீசும் ஒரு பிளேன்ரீயும்.

வீரை, முரலி, பாலை என்று மரங்களைக் காட்டினா.
ஆனியில் பாலைப்பழம் விழ, கரடி வரும் என்றா.
"வைகாசிக் கடைசியிலயே வந்திடும்"
பின்னால் ஒரு குரல்.
அதையும் சொன்னேன். அவ குறித்துக்கொண்டா.

எட்டாவது படத்தில்
கல்லின்மேல் புள்ளி புள்ளியாய்ப் படுத்திருந்தது.
முன்வரிசைப் பொடியன் கத்தினான்: "புலி!"
எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் இருந்ததில்லை.
கதவடியில் நின்ற, ஒருவரும் அழைக்காத சேட்டுக்காரர்
கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.
"சிறுத்தை" என்றேன்.
மறுபடியும் "சிறுத்தை" என்றேன்.
அவ ஒருதரம்தான் சொல்லியிருந்தா.

பிறகு ஒரு சின்னச் சொல் சொன்னா.
மோட்டைக் கரையில் தானே வெட்டி,
தடி பரப்பி, சருகு மூடி,
பதினொரு இரவு கமராவோடு இருந்த குழிக்கு.
"மறைவிடம்" என்றேன்.
மூன்றாம் வரிசையில் யாரோ திருத்தினார்கள்:
"பங்கர்."
ஒரு சிரிப்பு எழும்பி,
சுற்றிப் பார்த்துவிட்டு, இருந்துவிட்டது.

அவவுக்கு விளங்கவில்லை. தொடர்ந்தா.
இருமல் வந்தால் துணியைக் கடிக்க வேண்டும்.
கால் விறைத்தால் பெருவிரலை மட்டும் ஆட்ட வேண்டும்.
நான் ஒவ்வொன்றாய்த் தமிழில் சொன்னேன்,
வீட்டுக்காரருக்கே
அவர்களின் வீட்டுக்கு வழி சொல்வதுபோல.

கேள்வி நேரம்.
யானை வேலி கேட்டார்கள். பயிர் நட்டஈடு கேட்டார்கள்.
அது தன் திணைக்களம் இல்லையென்று சொல்ல
அவ நாலுதரம் மன்னிப்புக் கேட்டா.

யோகமலர் எழும்பினா. தீவனக் கடை.
கடன்கொப்பி பார்க்கிற அதே குரல்:
"வாசல் எந்தப் பக்கம் வெட்டினனீங்கள்?"
தண்ணீரைப் பார்த்து, என்றா தேவிந்தி.
"நேரையோ? முடக்கு வைக்கேல்லையோ?"
முடக்கு. ஆங்கிலத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.
முழங்கையை மடித்துக் காட்டினேன்.
"நேரை வெட்டினால் உள்ளுக்க வந்திடும்."
"என்ன வரும்?"

விரிப்பில் நின்றிருந்தது பழுதாய்ப்போன ஒரு படம்:
முதுகைக் காட்டி ஓடுகிற கரடி.
யோகமலர் என்னைப் பார்த்தா. கதவடியைப் பார்த்தா.
"காத்து" என்றா.
"காத்து வந்து உங்கட மணத்தைக் கொண்டுபோயிடும்."
அன்று நான் பிசகாமல் மொழிபெயர்த்த வசனம்
அது ஒன்றுதான்.

பற்றீஸ் மேசையில்,
விலைச்சிட்டையின் பின்பக்கத்தில் கீறிக் கொடுத்தா.
நாலடி நேரே, பிறகு இடப்பக்கம் முடக்கு,
மேலே பனங்குற்றி, குற்றிமேல் உரப்பை,
மழைத்தண்ணி விலக ஒரு கான்.
பேனை ஓரிடத்திலும் தயங்கவில்லை.
முடக்குக்கு அங்காலே சின்னதாய் ஒரு சதுரம்.
இது என்ன என்று தேவிந்தி விரலை வைத்தா.
"பிள்ளையள் இருக்கிற பக்கம்"
சொன்ன வாயோடு அதைக் கீறி வெட்டினா.
"உங்களுக்கு அது தேவையில்லை."
தேவிந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.
நான் தேத்தண்ணியை ஆற்றினேன்.

அடுத்த வைகாசிக் கடைசியில் கைபேசிக்கு ஒரு படம் வந்தது.
கரடி, மூன்று முழத் தூரத்தில்,
சொண்டெல்லாம் பாலைப்பால் ஒட்டி,
தான் தனியே என்ற நினைப்பில் கண்ணைச் சொருகி.
கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

யோகமலர் கரடியைப் பார்க்கவில்லை.
கீழ் மூலையில் மங்கலாய்த் தெரிந்த உரப்பையை
இரண்டு விரலால் பெருப்பித்தா.
"பையின்ர கட்டு மேல பார்த்து நிக்குது.
மாரிக்கு உதுக்குள்ள தண்ணி இறங்கும்.
சொல்லிவிடுங்கோ."
பிறகு, காத்து நின்ற பொடிச்சிக்கு
குஞ்சுத்தீவனம் அரைக்கிலோ நிறுத்தா.