எந்தப் பக்கம்

ஹிர்விவாரா சுரங்கத்திலிருந்து ஔலுவுக்கு
வேன் வந்து சேர்ந்தது நாலரைக்கு.
இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
உர்போ கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டான்:
ஒன்பது பெட்டி. ஆயிரத்து நூற்றுப் பத்து மீட்டர் ஆழம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.

மரப்பெட்டிக்குள் வரிசையாய்ப் படுத்திருந்தன
மணிக்கட்டுப் பருமனில் கல் உருளைகள்.
ஆறாம் பெட்டியில் மட்டும்
வெள்ளரிக்காய் அரிந்து வைத்தாற்போல வில்லை வில்லையாய்.
யாரும் உடைக்கவில்லை.
பாரம் இருந்தவரை முழுசாக இருந்தது.

உடையாத துண்டில்
ஆறு திசைக்கு ஆறு குட்டி உருளை அறுத்தேன்.
முனைகளைத் தேய்த்து, ஒலியுணரிகளை ஒட்டி,
முதல் உருளையை அழுத்தியின் தாடைக்குள் நிறுத்தினேன்.
லிஃப்ட் கதவில் தாள்: ஒன்பது மணிவரை படியில் ஏறவும்.
ஃபிரிட்ஜை அணைத்தேன்.
என் நாற்காலியையும் நம்பாமல் நின்றுகொண்டேன்.

பத்து மெகாபாஸ்கல்.
இருபது.
முப்பது.
திரையில் கோடு அசையவில்லை.
முப்பத்தெட்டில் ஒரு டிக். அது பசை.
இதெல்லாம் பட்டதுதானே என்று
வாய்திறக்காமல் வாங்கிக்கொள்கிறது கல்.

நாற்பத்தேழு தாண்டியது.
என் காதுக்கு ஒன்றுமில்லை.
திரையில் மட்டும் சடசடவென்று புள்ளிகள்,
தகரக் கூரையில் முதல் மழை.
இதற்குமேல் அதற்குப் பழக்கமில்லை.

தூலிக்கி போன் செய்தாள், சுரங்கத்தின் அடியிலிருந்து.
"நாற்பத்தேழா? எந்தப் பக்கத்திலிருந்து?"
சுரங்கப்பாதையை எப்படித் திருப்புவது என்று
அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உருளையின் முதுகில் சிவப்புக் கோடு, வடக்கைக் காட்ட.
ஐந்தாம் பெட்டியில் ஓரிடம்,
வில்லைகளைத் தாண்டி ஏழாம் பெட்டியில் வேறிடம்.
நடுவே நாற்பது டிகிரி எங்கோ போய்விட்டது.
"குழாய்க்குள்ளே சுழன்றிருக்கும்," என்றான் உர்போ.
"ராத்திரி ஷிஃப்ட். குத்துமதிப்பாப் போட்ட கோடு."

"நீயும் குத்துமதிப்பாச் சொல்லு, இர்யா.
வண்டி சும்மா நிற்குது, எட்டு ஆள் நிற்கிறான்."

எட்டு ஆள்.
எழுதினேன்: அளவு நாற்பத்தேழு, இரண்டு கூடக்குறைய.
திசை தெரியவில்லை.
புதுத் துண்டு அனுப்பவும். கோட்டைப் பகலில் போடவும்.
அவள் திட்டியதை எழுதவில்லை.

மூலையில், ஈரம் போகாமல் சுற்றி வைத்த மிச்சத் துண்டு
இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.
மதியத்தை நம்பி யாரோ வரைந்த கோட்டை முதுகில் சுமந்தபடி
இந்த ஒரு மணி நேரத்தில்
பத்து லட்சத்தில் நாலு பங்கு.
குறித்துக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

பாலத்தில் பாதி தூரம் போனபிறகு ஞாபகம் வந்தது
ஃபிரிட்ஜ்.
யாருடைய மீனோ உள்ளே.