மேல் வார்டுக்கு விறகு

வெலிங்டன் ஆஸ்பத்திரியில் மணி இரண்டு.
கணப்பு எரியும் மேல் வார்டுக்குப் பித்தளை மணி.
கீழே தகரக் கொட்டகையில் கிடக்கும் எங்களுக்கு
ஒரு தண்டவாளத் துண்டு.
இரண்டையும் அடிப்பவன் ஒரே ஆள், தோட்டி மாயாண்டி.

எனக்கு 'லைட் டூட்டி' என்று எழுதினார் டாக்டர்.
இடது தோளில் இன்னும் கொஞ்சம் இரும்பு இருக்கிறது.
அதனால் வலது தோளில் சீகை விறகு.
காலையில் நான்கு நடை, மாலையில் நான்கு.
ஜனவரி மாதம். புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி உறைபனி.

இன்று ஏழாம் கட்டிலில் புது ஆள்.
இத்தாலிக் கைதி, குடலில் ஏதோ ஆப்பரேஷன்.
முகத்தைத் திருப்பினான்.
அவனேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
பாலைவனத்தில் எல்லா முகமும் ஒரே மண் நிறம்.
ஆனால் அந்தக் குரல்.

அப்போது மூன்று நாள் சண்டை முடிந்திருந்தது.
பிடிபட்டவர்களை எண்ணி மாளவில்லை.
சாப்பருக்கு வேலை வந்தது: கம்பு நடு, முள்கம்பி இழு.
நான்கு பக்கமும் அடைத்து முடித்து
தண்ணீர் வாயில் வைக்கப் போகிறேன்,
ஒரு லெப்டினன்ட் எங்கள் மேஜருக்கு சல்யூட் அடித்துச் சொன்னான்:
எங்கள் நேட்டிவ் சிப்பாய்களோடு எங்களைச் சேர்த்து அடைக்கக் கூடாது.
மேஜருக்கு அது உடனே புரிந்தது.
முந்தாநாள் வரை சுட்டுக்கொண்டவர்கள்
அந்த ஒரு வாக்கியத்தில் சம்பந்தி ஆகிவிட்டார்கள்.

நடுவே இன்னொரு வேலி போட்டேன்.
நன்றாகவே போட்டேன். முழத்துக்கு ஒரு முடிச்சு,
ஆட்டுக்குட்டி நுழையாது.
கோத்தகிரி எஸ்டேட் லைனில் பிறந்தவனுக்கு
கோடு எங்கே ஓடும் என்று யாரும் காட்ட வேண்டாம்.
கடைவீதியில் என் குவளை தனியாக ஆணியில் தொங்கும்.
கம்பெனியிலும் எங்களுக்கு அடுப்பு வேறுதான்.

மறுபக்கம் தள்ளப்பட்ட லிபியாக்காரர்களில் ஒருவன்
நான் முடுக்கிய கம்பியின் நுனியைப் பிடித்துக் கொடுத்தான்.
யாரும் சொல்லவில்லை. தானாக.
காயல்பட்டினத்துச் செய்யது மீரான்
ஓதப் படித்த அரபியை வைத்துப் பேச்சுக் கொடுத்தான்.
பெயர் மிஃப்தாஹ். சாவி என்று அர்த்தமாம்.
மீரான் சிரித்தான். அவன் சிரிக்கவில்லை.

அப்பனைத் தூக்கில் போட்டார்கள்.
மகன் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள்.
சம்பளம் அவர்கள் ஆளுக்குப் பாதிகூட இல்லை.
உனக்கு எவ்வளவு?
பதினெட்டு ரூபாய். பத்து விரல், பிறகு எட்டு.
உன் வெள்ளைக்காரனுக்கு?
கையை விரித்தேன் மடக்கினேன், விரித்தேன் மடக்கினேன்.
போதும் என்று
கம்பிக்கு மேலாக என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

ஏழாம் கட்டிலில் இரட்டைக் கம்பளி.
பால் விட்ட ஓட்ஸ் கஞ்சி.
நர்ஸம்மா தலையணையைத் தட்டிச் சரிசெய்கிறாள்.
என் கைகளை அவள் பார்க்கவில்லை, விறகைப் பார்த்தாள்.
அவன் ஏதோ சொன்னான், நன்றி போலத்தான் இருந்தது.
மோசமான முகம் இல்லை. காய்ச்சல்காரன் முகம்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது, ஆனால் அவன் பக்கம் போகவில்லை.
உள்ளங்கையில் இன்னும் இருக்கும் முள்கம்பித் தழும்பை
அரித்துக்கொண்டு நின்றது.

மாலை நடையில் ஒரு காரியம் செய்தேன்.
நேற்று வெட்டிய பச்சை விறகு மேலே போயிற்று.
காய்ந்தது கீழே, எங்கள் ஒற்றை அடுப்புக்கு.
வேலாண்டியின் இருமல் அன்று கொஞ்சம் அடங்கியது.
மேல் வார்டு ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறந்தது,
புகையும் ஹவில்தாரின் பெயர் கேட்கும் சத்தமும் வெளியே வந்தன.
அரை மாதச் சம்பளம் பிடித்தார்கள். ஒன்பது விரல்.

படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.
அந்த நடுவேலியில் கதவு வைத்தேனா?
ஒவ்வொரு முடிச்சும் நினைவிருக்கிறது.
கம்பு ஊன்றிய குழியில் கிடந்த சிப்பி கூட.
கதவு நினைவில்லை.

தண்டவாளத் துண்டு அடிக்கிறது.
எழுந்து தட்டை எடுக்கிறேன்.